குண்டு பல்பை அணைத்தது யார்?

படுக்கையறை, பூஜையறை, மாடிப்படி என்று தமிழ்நாட்டு வீடுகளில் இரவு முழுக்க எரிந்துகொண்டிருந்த ஒரு பல்பு உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ணம் பூசியிருக்கும். கடையில் ‘ஜீரோ வாட்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கரண்டே இழுக்காது என்பது அதன் பெருமை. உண்மையில் அது 12 முதல் 15 வாட் வரை இழுத்தது. தட்டு சுற்றும் பழைய மீட்டர்களுக்கு அவ்வளவு சிறிய ஓட்டம் சரிவரத் தெரியாது என்பார்கள். அந்தத் தைரியத்தில்தான் விடிய விடிய எரியவிட்டோம். இன்றைய எலெக்ட்ரானிக் மீட்டரிடம் அந்தச் சலுகை கிடையாது. 15 வாட் பல்பு இரவில் 10 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 9 யூனிட். அதே வேலையை இன்று அரை வாட் எல்இடி செய்கிறது. அதற்கு இரண்டு மாதத்துக்கும் சேர்த்து அரை யூனிட்கூட ஆகாது.

வீட்டு வெளிச்சத்தைப் பற்றி நாம் வைத்திருந்த நம்பிக்கைகளில் பாதி இந்த ரகம். குண்டு பல்பை விளக்கு என்று சொல்லி வாங்கினோம். செய்த வேலையைப் பார்த்தால் அது ஹீட்டர். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் தகதகக்கும்போது சிந்துகிற ஒளியைத்தான் நாம் பயன்படுத்திக்கொண்டோம். இழுக்கும் மின்சாரத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாறுவது 100-க்கு 5 பங்கு அளவுதான். மீதி 95 பங்கு, ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் சித்திரை மாதத்து அறைக்கு மேலும் கொஞ்சம் சூடு. கோழிப்பண்ணையில் குஞ்சுகளுக்குக் கதகதப்பு கொடுக்க இந்தப் பல்பைத் தேடிப் பிடித்துத் தொங்கவிடுகிறார்களே, அங்கேதான் அது தன் தொழிலைச் சரியாகச் செய்கிறது.

வீட்டுக்கு வெளியிலிருந்து கணக்கைத் தொடங்கினால் இன்னும் மோசம். நெய்வேலியில் தோண்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியை எரித்தால் அதன் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அது கம்பிகளிலும் டிரான்ஸ்ஃபார்மர்களிலும் கரைந்து வீடு வந்து சேரும்போது இன்னும் பத்தில் ஒரு பங்காவது போய்விடுகிறது. வந்ததில் 5 பங்குதான் ஒளி. ஆக, 100 பங்கு கரியை எரித்து ஒன்றரைப் பங்கு வெளிச்சம் வாங்கியிருக்கிறோம். இப்படித்தான் நூறாண்டுகள் போயின.

60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லூமென் வெளிச்சம் தரும். இன்றைய 9 வாட் எல்இடி 900 லூமென் தருகிறது. வெளிச்சம் கூடுதல், மின்சாரம் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. நாளுக்கு 5 மணி நேரம் எரியும் ஒரு பல்பை மாற்றினால் ஆண்டுக்கு 93 யூனிட் மிச்சம். நம் அனல்மின் நிலையங்கள் ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிலக்கரி எரிக்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு பல்புக்கு ஆண்டுக்கு 60 கிலோவுக்கு மேல் கரி. ஒரு மூட்டை நெல்லின் எடை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. மின்சிக்கனம் என்றால் நம் ஊரில் அறிவுரை என்றுதான் பொருள் இருந்தது. மின்வாரிய அலுவலகச் சுவரில், பில்லின் பின்பக்கத்தில், வானொலியில், பேருந்தின் முதுகில் என்று எங்கு பார்த்தாலும் ‘மின்சாரத்தைச் சேமிப்போம்’. டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு நாள். பள்ளிக்கூடங்களில் ஓவியப் போட்டி, கட்டுரைப் போட்டி. மின்வெட்டுக்குக் காரணம், பாத்ரூம் லைட்டை அணைக்காமல் வந்த பிள்ளைதான் என்று நம்பும் அளவுக்கு இந்தப் பிரசாரம் வேலை செய்தது. ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? ஐந்து மணி நேரம் எரியும் குண்டு பல்பை யாரோ கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து நான்கு மணி நேரமாகக் குறைத்தால் மிச்சம் 20 சதவீதம். பல்பை மட்டும் மாற்றிவிட்டு, வழக்கம்போல ஐந்து மணி நேரமும் எரியவிட்டால் மிச்சம் 85 சதவீதம். பொறுப்பை வீட்டுக்காரர் தலையில் கட்டுவது அரசுக்குச் செலவில்லாத வேலை. பலனும் அந்த அளவில்தான் இருந்தது.

மக்களுக்கு விஷயம் புரியாமல் இல்லை. சிஎஃப்எல் வந்தபோதே, கரண்ட் மிச்சமாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன? குண்டு பல்பு பத்து, பதினைந்து ரூபாய். சிஎஃப்எல் நூறு ரூபாய்க்கு மேல். தினக்கூலி வாங்கும் வீட்டில் பல்பு பீஸ் போனால் அன்று மாலைக்குள் வெளிச்சம் வேண்டும். கையில் இருக்கும் காசுக்கு எது வருமோ அதுதான் வரும். பின்னால் மிச்சமாகப் போகும் பணத்தை அன்றைக்கே முன்பணமாகக் கொடு என்று அந்த வீட்டுக்காரரிடம் கேட்பது நியாயமும் இல்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க 2009-இல் மத்திய அரசு ‘பசத் லேம்ப் யோஜனா’ என்ற திட்டம் கொண்டுவந்தது. குண்டு பல்பைக் கொடுத்தால் 15 ரூபாய்க்கு சிஎஃப்எல். விலை வித்தியாசத்தை, குறைந்த கரியமில வாயுவுக்கு ஐரோப்பியச் சந்தையில் கிடைக்கும் கார்பன் வரவிலிருந்து சரிக்கட்டுவது ஏற்பாடு. கேரளம் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு கோடிக்கும் மேலான பல்புகளை விநியோகித்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் கார்பன் வரவின் விலை பாதாளத்துக்குப் போனது. திட்டமும் கூடவே படுத்தது. போதாக்குறைக்கு சிஎஃப்எல்லுக்குள் பாதரசம். உடைந்தால் என்ன செய்வது, எங்கே போடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. குப்பைத் தொட்டியில்தான் போட்டோம்.

திருப்பம் புதுச்சேரியில் தொடங்கியது. 2014-இல் அங்கே வீட்டுக்கு மூன்று 7 வாட் எல்இடி பல்புகள், ஒன்று பத்து ரூபாய் என்று கொடுத்தார்கள். பல்பின் மொத்த விலையை அரசு மானியமாக அழவில்லை. மின்துறைக்கு மிச்சமாகும் மின்சாரத்தின் கணக்கிலிருந்து தவணையாகத் திருப்பிக்கொள்ளும் ஏற்பாடு. இதன் பின்னால் இருந்தது எரிசக்தித் திறன் சேவை நிறுவனமான ‘ஈஈஎஸ்எல்’. என்டிபிசி, பவர்கிரிட் உள்ளிட்ட நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது. 2015 ஜனவரி 5 அன்று இது நாடு தழுவிய திட்டமாகி, பிறகு ‘உஜாலா’ என்று பெயர் பெற்றது.

ஈஈஎஸ்எல் செய்தது மளிகைக்கடைக்காரருக்கும் தெரிந்த வியாபாரம்: மொத்தக் கொள்முதல். லட்சம், கோடி என்று எண்ணிக்கையைச் சொல்லி, தரத்தை வரையறுத்து, மூன்று ஆண்டு வாரண்டி கேட்டு, டெண்டர் விட்டார்கள். 2014-இன் தொடக்கத்தில் ஒரு பல்பு 310 ரூபாய்க்குக் கொள்முதலானது. 2016-இல் 38 ரூபாய். உலகச் சந்தையில் எல்இடி சில்லுகளின் விலை சரிந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சரிவு இந்தியக் கடைக்கு இவ்வளவு சீக்கிரம் வந்து சேர்ந்ததற்குக் காரணம், கோடிக்கணக்கில் வாங்க ஒருவர் வாசலில் நின்றதுதான். மக்களுக்கு 9 வாட் பல்பு 70 ரூபாய்க்குக் கிடைத்தது. சில மாநிலங்களில் பத்து ரூபாய் முன்பணம், மீதி மின்கட்டணத்தோடு தவணை. ஈஈஎஸ்எல் பல்பு வாங்காதவர்களுக்கும் லாபம்தான். கம்பெனிக்காரர்கள் 350 ரூபாய்க்கு விற்ற பல்பை அதன் பிறகு யாரிடம் விற்பது?

இதை வேறு நாடுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2009 செப்டம்பரில் 100 வாட் குண்டு பல்பில் தொடங்கி, 2012-க்குள் படிப்படியாக விற்பனைக்குத் தடை போட்டது. கியூபாவில் பிடல் காஸ்ட்ரோ 2005-இல் ‘எரிசக்திப் புரட்சி’ என்று அறிவித்து, வீடு வீடாக ஆள் அனுப்பி பல்பை மாற்றினார். இந்தியாவில் இன்றும் குண்டு பல்பு விற்கலாம், வாங்கலாம். நாடு தழுவிய தடை இல்லை. விலையே அதை ஓரங்கட்டியது. தடை போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும்: பெட்டிக்கடையில் மறைத்து வைத்து இருபது ரூபாய்க்கு விற்றிருப்பார்கள்.

உஜாலாவில் விநியோகமான பல்புகள் ஏறத்தாழ 36.87 கோடி. ஆண்டுக்கு 4,700 கோடி யூனிட்டுக்கு மேல் மிச்சம், உச்ச நேரத் தேவையில் 9,500 மெகாவாட் குறைந்தது என்பது அரசு சொல்லும் கணக்கு. கூடங்குளத்தில் ஓடும் 1,000 மெகாவாட் அணுஉலையைப் போல ஒன்பதரை உலைகள். இந்த எண்ணைக் கொஞ்சம் கிள்ளிப் பார்க்கலாம். 4,700 கோடியை 36.87 கோடியால் வகுத்தால் பல்புக்கு ஆண்டுக்குச் சுமார் 130 யூனிட். அவ்வளவு மிச்சமாக வேண்டுமென்றால், கொடுத்த ஒவ்வொரு பல்பும் 60 வாட் குண்டு பல்பின் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். நாள்தோறும் 7 மணி நேரம் எரிந்திருக்க வேண்டும். 2015-இல் வாங்கிய பல்பு இன்றும் உயிரோடு இருக்க வேண்டும். பல வீடுகளில் அது சிஎஃப்எல்லுக்குப் பதிலாக வந்தது. சில பல்புகள் அலமாரியில் கிடக்கின்றன. ஆகவே அரசு சொல்லும் எண்ணைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். அப்போதும் இந்தியாவில் எரிசக்திச் சிக்கனத்துக்கென்று நடந்த எந்தத் திட்டமும் இதன் பக்கத்தில் வராது என்பதே என் மதிப்பீடு.

மிச்சமான யூனிட்டுகளின் எண்ணிக்கையைவிட, அவை மிச்சமான நேரம் முக்கியம். விளக்கு எரிவது மாலை ஆறு மணிக்கு மேல். சூரிய மின்சாரம் நின்றுபோன பிறகு. பகலில் ஒரு யூனிட்டுக்கும் இரவு எட்டு மணியின் ஒரு யூனிட்டுக்கும் மின்வாரியம் கொடுக்கும் விலை ஒன்றல்ல. எல்லா வீடும் ஒரே நேரத்தில் விளக்கைப் போடும் அந்த நாலு மணி நேரத்துக்காகத்தான் கூடுதல் நிலையங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டியிருக்கிறது, வெளிச்சந்தையில் அடித்துப் பிடித்து வாங்க வேண்டியிருக்கிறது. வீட்டுப் பல்பு சரியாக அந்த நேரத்தில் கை கொடுக்கிறது.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். மாலையானால் வோல்டேஜ் இறங்கும். பம்ப்செட்டுகள் ஓடும் நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். குண்டு பல்பு செம்மஞ்சளாக அழும். டியூப் லைட் இரண்டு ஓரமும் சிவந்து மினுக் மினுக்கென்று துடிக்குமே தவிர பிடிக்காது. யாராவது ஸ்டூல் போட்டு ஏறி ஸ்டார்ட்டரைத் திருகுவார்கள். குழாயைக் கையால் நீவிவிடுவார்கள், சில சமயம் அது நிஜமாகவே எரியவும் செய்யும். அந்தக் குழாய்க்கு 40 வாட், தலைமாட்டில் உறுமும் சோக்குக்கு இன்னொரு 12, 15 வாட். நல்ல டிரைவர் (மின்சாரத்தைச் சீராக்கித் தரும் உள்சுற்று) உள்ள எல்இடி பல்பு, வோல்டேஜ் 150-க்கு இறங்கினாலும் அதே வெளிச்சத்தில் எரிகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை மாலையில் படிக்க முடிகிறது. இந்தப் பலன் எந்த அரசு அறிக்கையிலும் யூனிட்டாகப் பதிவாகவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. 2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 60 வாட் குண்டு பல்பு இரண்டை நாளுக்கு 5 மணி நேரம் எரிக்கும் சிறிய வீட்டில், இரண்டு மாதத்தில் விளக்குக்கே 36 யூனிட் போய்விடும். எல்இடி போட்டால் ஐந்தரை யூனிட். ஆனால் அந்த வீட்டின் மொத்தப் பயன்பாடு 100-க்குள் இருந்தால் பில் எப்படியும் பூஜ்யம்தான். அந்த வீட்டுக்காரருக்கு 36-உம் ஒன்று, ஐந்தரையும் ஒன்று. அவர் ஏன் தன் காசைப் போட்டுப் பல்பை மாற்ற வேண்டும்? மிச்சமாகும் 30 யூனிட்டின் விலை அவர் பைக்குப் போவதில்லை. அந்த இலவசத்துக்கு மானியம் கட்டும் மாநில அரசின் பைக்குப் போகிறது. ஆதாயம் யாருக்கோ அவரே செலவைப் போட வேண்டும் என்பது எந்தக் கூட்டு வியாபாரத்திலும் உள்ள நியாயம். ஏழை வீட்டுக்கு நல்ல பல்பைக் கொடுப்பது அரசுக்குத் தர்மம் ஆகாது, முதலீடு. இலவச மின்சாரம் சிக்கனத்தைக் கெடுக்கிறது என்று தொலைக்காட்சி விவாதத்தில் கொதிப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்கலாம். மின்சாரத்தை இலவசமாகத் தருகிற அரசுக்குத்தான், அதை வீணடிக்காத சாதனத்தையும் சேர்த்துத் தருவதில் முதல் அக்கறை இருக்க வேண்டும்.

பல்பு இத்தனை மலிவாகக் கிடைப்பதற்கு முன்னால் ஆய்வுக்கூடத்தில் நீண்ட கதை ஒன்று நடந்தது. சிவப்பு எல்இடி 1962-லேயே வந்துவிட்டது. நீலம் மட்டும் முப்பது ஆண்டுகள் பிடிகொடுக்கவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை. ஜப்பானில் அகாசாகியும் அமானோவும் காலியம் நைட்ரைடு படிகத்தை வளர்க்கும் வழியைக் கண்டார்கள்; நிச்சியா என்ற சிறிய ரசாயனக் கம்பெனியின் ஊழியர் நகமுரா, 1993-இல் பளிச்சென்ற நீல எல்இடியைச் செய்து காட்டினார். அந்தக் கம்பெனி அவருக்குக் கொடுத்த வெகுமதி 20,000 யென். வழக்குப் போட்டார், நீதிமன்றம் 2,000 கோடி யென் தரச் சொன்னது, மேல்முறையீட்டில் 84 கோடி யென்னுக்குச் சமரசமாக முடிந்தது. 2014-இல் மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு. கண்டுபிடித்தவருக்கு என்ன கிடைக்கும் என்பதில் எல்லா ஊர் முதலாளியும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அந்த நீலத்தை நம் வீட்டிலேயே பார்க்கலாம். பழுதான எல்இடி பல்பின் வெள்ளைக் குமிழைத் திருகி எடுத்தால், வட்டத் தகட்டில் பத்துப் பன்னிரண்டு சிறிய மஞ்சள் சதுரங்கள் இருக்கும். அந்த மஞ்சள், பாஸ்பரப் பூச்சு. அடியில் இருக்கும் சில்லு உமிழ்வது நீல ஒளி. மஞ்சளோடு கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகிறது. நன்றாகக் கவனித்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு சதுரத்தில் மட்டும் கடுகளவு கரும்புள்ளி இருக்கும். பல்பைக் கொன்றது அதுதான். எல்லாச் சதுரங்களும் தொடர் இணைப்பில் இருப்பதால் ஒன்று போனால் மொத்தமும் இருட்டு. தெருமுனை ரிப்பேர்க்காரர் அந்த ஒன்றைச் சுரண்டிவிட்டு ஈயத்தால் பாலம் போட்டு, இருபது முப்பது ரூபாயில் திரும்ப எரிய வைத்துவிடுகிறார். அவருடைய பிழைப்பு ஓடுகிறது என்பதே தயாரிப்பாளர்கள் மீதான குற்றப்பத்திரிகை. 25,000 மணி நேரம் உழைக்கும் என்று அட்டையில் போட்ட பல்பு, நாளுக்கு 5 மணி நேரக் கணக்கில் 13 ஆண்டு வர வேண்டும். எத்தனை வீட்டில் மூன்று ஆண்டு தாண்டுகிறது?

பல்பு சீக்கிரம் சாவதற்குப் பெரும்பாலும் எல்இடி சில்லு மட்டும் காரணமில்லை. அடிப்பாகத்தில் ஒளிந்திருக்கும் டிரைவரும், அதிலும் குறிப்பாக அதன் மின்தேக்கியும் காரணம். சூடு பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுவியலில் பாலபாடம். நம் ஊர்க் கோடையில், காற்றுப் போகாத கண்ணாடிக் கூட்டுக்குள் மாட்டிய பல்பு என்ன பாடுபடும்? அலுமினியத்தில் கொஞ்சம், மின்தேக்கியில் கொஞ்சம், ஏறும் வோல்டேஜைத் தாங்கும் பாகத்தில் கொஞ்சம் என்று காசு மிச்சம் பிடித்தால்தான் 50 ரூபாய்க்குப் பல்பு செய்ய முடியும். 310-ஐ 38 ஆக்கிய அதே போட்டி இந்த வேலையையும் செய்தது. டெண்டர் விட்டவர்கள் விலைக்குக் கொடுத்த கவனத்தை, கொடுத்த பல்பு ஐந்தாம் ஆண்டில் எரிகிறதா என்று பார்ப்பதற்குக் கொடுக்கவில்லை.

பல்பின் ஆயுள் என்றாலே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிவரும். 1924-இல் ஜெனீவாவில் ஆஸ்ரம், பிலிப்ஸ் உள்ளிட்ட கம்பெனிகள் ‘ஃபீபஸ்’ என்ற கூட்டணி அமைத்து, எந்தப் பல்பும் 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது என்று முடிவு கட்டினார்கள், மீறினால் அபராதம் என்று. இது உண்மை. அமெரிக்காவில் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது என்பதும் உண்மை. செய்தியில் சொல்லாமல் விடுவது, அது இன்று வெறும் நான்கு வாட் அளவில் மினுங்குகிறது என்பதை. இழையைக் குறைவாகச் சூடேற்றினால் நூறாண்டு வாழும், வெளிச்சம் இருக்காது. அந்தக் கூட்டணியின் பேராசையை மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் குண்டு பல்பில் ஆயுளும் வெளிச்சமும் ஒன்றையொன்று தின்னும். எல்இடியில் அந்தச் சாக்குச் செல்லாது. நீண்ட ஆயுளும் நல்ல வெளிச்சமும் ஒன்றாகவே கிடைக்கும். இடையில் நிற்பது சில ரூபாய்ப் பொருள் மட்டும்.

2017-இல் விளக்குத் தயாரிப்பாளர் சங்கமான எல்கோமாவுக்காக நீல்சன் நிறுவனம் டெல்லி, மும்பை, ஹைதராபாத், அகமதாபாத் நகரங்களில் 200 கடைகளில் ஆய்வு செய்தது. அங்கிருந்த எல்இடி பல்பு பிராண்டுகளில் 76 சதவீதம் அரசின் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றவில்லை. சங்கத்துக்கு இதில் சொந்த அக்கறை உண்டு, போட்டியாளரைப் பழிக்கும் நோக்கம் இருக்கலாம் என்று கழித்துக்கொண்டாலும், கடைத்தெருவைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள். இந்திய தர நிர்ணய அமைப்பின் பதிவு இல்லாமல் எல்இடி பல்பு விற்கக் கூடாது என்பது சட்டம். பெட்டியில் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். நட்சத்திர முத்திரையும் கட்டாயம். விதிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. சந்தையில் போய்ப் பத்துப் பல்பை எடுத்துச் சோதித்து, தேறாததை ஊரறியச் சொல்லும் ஆள்தான் இல்லை.

பெட்டியில் கண்ணைப் பறிக்கும் எழுத்தில் இருப்பது ‘9 வாட்’. லூமென் எங்கோ ஓரத்தில் எறும்பு அளவில். வாட் என்பது பல்பு தின்னும் அளவு. தருகிற அளவு லூமென். ஒரே 9 வாட்டில் ஒரு பல்பு 700 லூமென்னும் இன்னொன்று 1,000 லூமென்னும் தரலாம். விலை வித்தியாசம் இருபது ரூபாய். நாமும் கடையில் “9 வாட் ஒண்ணு குடுங்க” என்கிறோம், கடைக்காரர் “ஒயிட்டா, வார்மா?” என்பதோடு பேச்சு முடிகிறது. மலிவான டிரைவர் உள்ள பல்பு கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு நூறு முறை துடிக்கும். செல்போன் கேமராவை அதன் பக்கம் திருப்பினால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைப் பார்க்கலாம். அதன் கீழே இரண்டு மணி நேரம் படித்தால் தலைவலி வருகிறது என்று பிள்ளை சொன்னால் படிப்புக்குப் பயந்து சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். ஸ்விட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக எரிகிறதா? அதற்குப் பல்பைத் திட்டிப் பயனில்லை. ஸ்விட்ச் போர்டில் இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் அப்படி வரும். ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில் ஸ்விட்சை இணைத்திருந்தாலும் வரும். இந்த இரண்டாவது காரணம் ஆபத்தானது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய விஷயம்.

மலிவான வெளிச்சம் இன்னொரு பழக்கத்தையும் கொண்டுவந்தது. பழைய வீட்டு ஹாலில் ஒரு டியூப் லைட், சோக்கோடு சேர்த்து 55 வாட். புதிதாகக் கட்டும் ஹாலில் ஃபால்ஸ் சீலிங், அதில் 12 வாட் விளக்குகள் ஒரு டஜன், ஓரமெல்லாம் ஸ்ட்ரிப் லைட், சுவரில் தொங்கும் படத்துக்கு ஒரு தனி விளக்கு. எல்லாம் எல்இடி, எல்லாம் சிக்கனம், கூட்டினால் 150 வாட்டுக்கு மேல். திறன் கூடினால் பயன்பாடும் கூடும் என்று பிரிட்டன் பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் 1865-லேயே நிலக்கரியை வைத்து எழுதினார். இதற்காக யாரையும் கடிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. ஒற்றை விளக்கில் வளர்ந்தவர்கள் ஹாலைப் பிரகாசமாக வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில் தவறென்ன? ஆனால் எல்இடி என்று போட்டிருப்பதாலேயே சிக்கனம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். செல்போனில் நிறம் மாற்றும் ‘ஸ்மார்ட்’ பல்பு, அணைந்திருக்கும்போதும் இணையத்துக்குக் காது கொடுத்தபடி நாள் முழுக்கக் கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும்.

இருந்தும், இன்றைய சராசரி வீட்டில் விளக்கு இனி பெரிய செலவாளி இல்லை. அந்தப் பட்டம் தலைக்கு மேல் சுற்றுவதற்குப் போய்விட்டது. சாதாரண மின்விசிறி 75 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட். 5 மணி நேரம் எரியும் 9 வாட் பல்பு அதே இரண்டு மாதத்தில் 2.7 யூனிட்தான் செலவழிக்கிறது. ஆக, ஒரு விசிறி 25 பல்புக்குச் சமம். பிஎல்டிசி எனப்படும் பிரஷ் இல்லாத மோட்டார் உள்ள விசிறி அதே காற்றை 28 வாட்டில் தருகிறது. இரண்டு மாதத்துக்கு 25 யூனிட். இரண்டு விசிறி உள்ள வீடு, விசிறிக்கு மட்டுமே 134 யூனிட் செலவழித்து 100 யூனிட் வரம்பைத் தாண்டிவிடுகிறது. பிஎல்டிசி போட்டால் 50-இல் நிற்கும், மிச்ச 50-இல் விளக்கும் டிவியும் அடங்கும். ஆனால் விலை 2,500 முதல் 3,000 ரூபாய். சாதாரண விசிறி அதில் ஏறத்தாழப் பாதி. 2009-இல் சிஎஃப்எல்லுக்கு முன்னால் நின்ற அதே வீட்டுக்காரர், அதே தயக்கத்தோடு இன்று இந்த விசிறிக்கு முன்னால் நிற்கிறார்.

2023 ஜனவரி முதல் சீலிங் விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாகிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஈஈஎஸ்எல் ஒரு கோடி சிக்கன விசிறிகளைக் கொண்டுசேர்க்கும் திட்டத்தையும் அறிவித்தது. ஆனால் பல்புக்கு நடந்தது போல மின்வாரிய அலுவலக வாசலில் மேஜை போட்டு, பில்லோடு தவணை பிடிக்கும் வேகம் இதில் இல்லை.

தமிழ்நாடு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2006-இல் வண்ணத் தொலைக்காட்சி, 2011-இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று கோடிக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மாநிலம் இது. டெண்டர் விடவும் தெரியும், ரேஷன் கடை வழியாகக் கொடுக்கவும் தெரியும். அன்று கொடுத்த பொருள் எத்தனை வாட் இழுக்கும் என்பது முதல் கேள்வியாக இருக்கவில்லை. ஒரு பிஎல்டிசி விசிறி ஆண்டில் பத்து மாதம் ஓடினால் 210 யூனிட் மிச்சம். யூனிட் 5 ரூபாய் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 1,050 ரூபாய். இலவச வரம்புக்குள் இருக்கும் வீடுகளில் இந்தப் பணம் அரசுக்கே திரும்பி வரும். போட்ட முதலீடு மூன்று ஆண்டுக்குள் கைக்கு வந்துவிடும். அடுத்த நிதிநிலை அறிக்கையில், இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்குப் பழைய விசிறியை வாங்கிக்கொண்டு புதியது கொடுக்கும் திட்டம் வரட்டும். ஐந்து ஆண்டு வாரண்டியை டெண்டரிலேயே எழுதுங்கள். ஆண்டுதோறும் சில நூறு வீடுகளுக்குப் போய், கொடுத்தது ஓடுகிறதா என்று பார்த்து முடிவை வெளியிடுங்கள். மின்வாரியம் டிசம்பர் 14-க்கு ஓவியப் போட்டி நடத்துவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.